பெட்டியா, லப்டொப்பா

அன்று கிளிநொச்சி ரவுணில் உள்ள கராஜில் மூன்று பேர் இருந்தோம்: மெக்கானிக் அண்ணை, அப்பா, நான். அம்மா வரவில்லை. வந்திருந்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

வட்டக்கச்சியிலிருந்து ஓமந்தைக்கு நான் வேலைக்குப் போகும் பைக், புதுச் சைலென்சர் பூட்டிய மாதத்திலிருந்து ஓடும்போது விக்கி விக்கி இழுக்கத் தொடங்கியது. இன்ஜெக்டர் பைக்கில் பழைய மாதிரி ஸ்குரூவைத் திருப்பிப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்க முடியாது. உள்ளே இருக்கும் கொம்பியூட்டர்தான் அளந்து விடுகிறது. இந்தச் சைலென்சருக்கு அந்த அளவு போதவில்லை என்று ஃபோனில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு வழி இருந்தது. இன்ஜெக்டர் வயரில் பெற்றோலைக் கூட்டிவிடும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகலாம். அல்லது லப்டொப்பால் அந்தக் கொம்பியூட்டரையே திருத்தலாம். திருத்தியது பிழையாகப் போனால் பைக் படுத்துவிடும். பெட்டி என்றால் கழற்றிவிடலாம். மூன்று கிழமை கொப்பியில் எழுதிப் பார்த்துப் பெட்டி என்று முடிவெடுத்தேன்.

விலை அறுபத்தையாயிரம். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் புது மிசின் வாங்க அப்பா ஒதுக்கியிருந்த காசு அது.

"நீ படிச்சனி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெக்கானிக் அண்ணை நான் நீட்டிய கொப்பியைத் தொடவில்லை. பெற்றோல் டாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"தம்பி, இது பைக்கோ, குப்பி விளக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

"நான்தான் விட்டனான். என்ரை தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாறனான், வெறும் டாங்கியோட எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? மிசினுக்கு வாங்கின மண்ணெண்ணெய் கிடந்தது. இவன்ரை தாய் வேண்டாமெண்டுதான் சொன்னவள். யுத்த காலத்தில பெற்றோல் இல்லாம இதிலதானே பைக் ஓடினனாங்கள்!"

"அது அந்தக் காலத்துப் பைக் ஐயா, எதையும் குடிக்கும். இது வாய்ருசி பாக்கும்."

ஞாயிறுகளில் அப்பா உருத்திரபுரத்தில் தன் தங்கச்சி வீட்டுக்கு என் பைக்கைக் கொண்டுபோகத் தொடங்கியதும் சைலென்சர் பூட்டிய அதே மாதம்தான். திங்கட்கிழமைகளில் விக்கல் கூடுதல் என்று கொப்பியில் நானே எழுதியிருந்தேன். பக்கத்தில் காரணம்: காலைக் குளிர். டாங்கியைத் திறந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

அண்ணை டாங்கியைக் கழுவி, இன்ஜெக்டரைத் துப்புரவாக்கி, புதுப் பெற்றோல் விட்டுத் தந்தார். நான் ஓடிப் பார்த்தேன். வேகமாக இழுக்கும்போது மட்டும் ஒரு சின்னத் தயக்கம் மிஞ்சியிருந்தது.

"இதுதான் சைலென்சரின்ரை குற்றம்" என்றார் மெக்கானிக் அண்ணை. "பெட்டி போடலாம். இல்லாட்டிப் பழசைப் பூட்டுங்கோ."

"பெட்டியைப் போடுங்கோ" என்றார் அப்பா உடனே. "கெடுத்தது நான், காசும் நான் தாறன்."

குற்றத்துக்குக் கட்டும் காசு போலத்தான் அவர் குரல் இருந்தது. அந்தக் காசில் பெட்டி வாங்கினால், ஒவ்வொரு தரம் பைக்கில் ஏறும்போதும் அதுவே நினைவு வரும். பழைய சைலென்சர் கோழிக்கூட்டின் மேலே சும்மா கிடந்தது.

"பழசே போதும் அப்பா."

"அப்ப கழுவின காசையாவது நான் குடுக்கிறன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், பில்லை அவரிடமே நீட்டினேன். டாங்கியிலிருந்து வடித்த எண்ணெயையும் போத்தலில் கேட்டு வாங்கிக்கொண்டார், தண்ணி மிசினுக்கு ஆகுமாம். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏழாயிரத்து முந்நூறு ரூபா.