அண்ணனுக்கு ஒரு டூப்ளிகேட்

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அதன் மேல்மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பிரிவில்.

அங்கே வேலை பார்ப்பவள் ஒருத்தி. கெட்டிக்காரி, ஆனால் சோம்பேறி. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. அன்று அவளுடைய அண்ணன் கீழ்மாடியில், ஏழாம் படுக்கையில் இருந்தான். குடல்வால் ஆபரேஷன். துணைக்கு அண்ணி.

நோயாளிகளைப் பதிய அவள் எழுதிய புதுக் கம்ப்யூட்டர் திரையைச் சோதிக்க ஒரு பொய் நோயாளி தேவைப்பட்டான். பேர், வயது, ரத்த வகை எல்லாம் யார் உட்கார்ந்து இட்டுக்கட்டுவது? அண்ணனின் பதிவையே எடுத்தாள். சோதனைக்கென்று தனி இடம் உண்டு; அன்று அது படுத்துவிட்டது. அதனால் நிஜப் பதிவுகளிலேயே கை வைத்தாள். பதிவின் எண்ணை வெறுமையாக்கிச் சேமித்தால் போதும், புது எண்ணோடு இன்னொரு அண்ணன் பிறந்துவிடுவான். பிறந்தான்.

ஒரு சங்கடம். இப்படிப் பிரதி எடுத்தால் ஆள் மட்டும்தான் வருவான். அவனோடு கோத்திருக்கும் படுக்கை, துணைக்கு இருப்பவர் எல்லாம் பழைய ஆளிடமே நின்றுவிடும். பிரதிக்கு அவற்றைப் புதிதாக உண்டாக்க வேண்டும். யாருக்குப் பொறுமை? அண்ணனிடமிருந்து கழற்றிப் பிரதியிடம் மாட்டினாள். சோதனை முடிந்ததும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

மூன்று பத்துக்கு போன் அடித்தது. அண்ணன்.

"சுண்டெலி, என் பெட்ல யாரோ படுத்திருக்கான்."

"ரூம் மாறிப் போயிருப்பே. நல்லாப் பாரு."

"பாத்ரூம் போயிட்டு வந்தேன். ஏழாம் நம்பர்தான். படுத்திருக்கிறவன்... என்னை மாதிரியே இருக்கான்டி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

"அண்ணிகிட்ட போனைக் குடு."

"அவ அவனுக்குத் தலை கோதிக்கிட்டு இருக்கா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. தோளைத் தொட்டேன்... தட்டிவிட்டுட்டா."

அவள் திரையைப் பார்த்தாள். ஏழாம் படுக்கை, பிரதிக்கு. துணைக்கு அண்ணி, பிரதிக்கு.

போனில் நர்ஸின் குரல் கேட்டது. "யாருங்க நீங்க? பாக்குற நேரம் முடிஞ்சுது. வெளிய போங்க."

"சுண்டெலி... அவன் கண்ணைத் திறக்கிறான்..."

அவள் பிரதியின் பதிவைத் திறந்தாள்.

"என்னைப் பாத்துச் சிரிக்கிறான்..."

பிரதியை அழித்தாள்.



"அண்ணா?"

"போயிட்டான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பெட்டு காலி."

"அப்பாடா."

"நாற்காலியும் காலி. உன் அண்ணி எங்கடி?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பதிவை அழித்தால் படுக்கை காலியாகி நிற்கும்; அதில் மாட்டியிருக்கும் ஆளும் சேர்ந்து போவார். அங்கே அப்படித்தான் விதி.

அன்றிலிருந்து அண்ணி என்று ஒருத்தி இருந்தது வேறு யாருக்கும் தெரியவில்லை. "எங்களுக்கு ஒரே பையன்தான், பொண்ணே கிடையாது" என்று அண்ணியைப் பெற்ற தாயே கதவைச் சாத்தினாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டும்தான் எல்லாம் நினைவிருந்தது. அண்ணன் தெருத்தெருவாகத் தேடினான். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும் என்றார்கள் டாக்டர்கள். தங்கை வாயைத் திறக்கவில்லை. கூடவே போய்த் தேடுவதுபோல நடித்தாள், பாவி.

ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே அவளுடைய சீனியர் சொன்னார்.

"நம்ம சிஸ்டத்துல எதுவும் உடனே அழியாதும்மா. யார் கண்ணுக்கும் படாம மறைச்சு வைக்கும், அவ்வளவுதான். நேத்து வரைக்கும் யார் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்துல திருப்பிக் கொண்டாந்திருப்பேன். மறைச்சு வச்சிருந்த எல்லாத்தையும் நேத்துதான் மொத்தமா கழுவிவிட்டேன்."

அவள் கீழே ஓடினாள். ஏழாம் படுக்கையில் யாரோ ஒரு கிழவர் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் படுக்கையைப் பற்றி நர்ஸிடம் கேட்டாள்.

"இந்த பெட்டா? ஒரு மாசமா பெரிய தொல்லைங்க. படுக்கிறவங்க எல்லாரும் ஒரே புகார். பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்து அழுவுறாளாம். ஆளைக் காணோம், குரல் மட்டுமாம். 'மாடியில என் நாத்தனார் கம்ப்யூட்டர் வேலை பாக்குறா, அவளைக் கூப்பிடுங்க, அவ என்னைக் கைவிடமாட்டா'ன்னு கெஞ்சுவாளாம்."

நர்ஸ் கிழவரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நேத்துல இருந்து சத்தம் இல்லை."