தூங்கப் போட்ட ‘நில்’

பஸ் டிப்போவில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பஸ் எப்போது கிளம்பியது என்று பதிவு செய்வது அவள் வேலை. ஆனால் டிப்போவில் யாருக்கு எதைப் படம் போட்டு விளக்க வேண்டுமென்றாலும் அவள் அறைக்குத்தான் ஓடி வருவார்கள். அவள் படத்தில் பஸ் என்றால் ஒரு கட்டம், மனிதர் என்றால் ஒரு புள்ளி. மேலாளராகவே இருந்தாலும் புள்ளிதான். தொப்பையை மதித்து வேண்டுமானால் கொஞ்சம் பெரிய புள்ளியாகப் போடுவாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் பாட்டன் முப்பாட்டன் காலத்தது. அதைப் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் திரை வெளுக்கும். மவுஸ் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. அதனால் படங்களை இழுத்து ஒட்டும் மென்பொருள் அவளுக்குச் சரிப்படவில்லை. எல்லாவற்றையும் எழுத்தாலேயே சொல்லும் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். வரிக்கு ஒரு வேலை. ‘பஸ்ஸைக் கொண்டு வா’ என்று ஒரு வரி, ‘நில்’ என்று அடுத்த வரி, ‘பஸ்ஸைத் திருப்பு’ என்று அதற்கும் அடுத்த வரி. ‘நில்’ வந்த இடத்தில் படம் அப்படியே நிற்கும். கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால்தான் அடுத்த அசைவு.

“வீட்லயும் சரி, டிப்போலயும் சரி, நான் சொல்லிக் கேக்கறது இது ஒண்ணுதான்” என்று பெருமையடிப்பாள்.

வீட்டில் கேட்காதவர் அவள் கணவர். அதே டிப்போவில் நீள பஸ் ஓட்டுகிறவர். ஆறடி ஆள், கதவில் குனிந்துதான் நுழைவார். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கைப் பார்த்தாலே முகம் வெளிறினார். மூலை நிறுத்தத்திலிருந்து பஸ்ஸை எடுத்தவுடனே வளைத்துத் திருப்ப வேண்டும். முன்பக்கம் விலகும்போது பின்பக்கம் வால் போல நடைபாதை மேல் வீசும். அப்படி வீசியதில் நின்றிருந்த ஒருவருடைய குடை முறிந்து போனது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

“இன்னைக்குக் குடை ஒடஞ்சுது. நாளைக்கு ஆளு ஒடஞ்சா?” என்றார் அவர். “அந்த நிறுத்தத்தப் பின்னாடி தள்ளி வெக்கட்டும். அதுவரைக்கும் நான் வண்டியத் தொட மாட்டேன். முடியாதுன்னா வேலையே வேணாம்.”

அவர் வேலையை விடுவதென்றால் மீன் நீச்சலை விடுவது மாதிரி. அவள் ஆடிப்போனாள். நிறுத்தத்தை மாற்றும் அதிகாரம் சாலை அதிகாரியிடம் இருந்தது. அந்த மனிதருக்கு ‘அடுத்த மாசம்’ என்றே பெயர். எதைக் கேட்டாலும் அடுத்த மாசம். தாகமாக இருக்கும்போது தண்ணீர் நீட்டினால்கூட அடுத்த மாசம் குடிக்கிறேன் என்பாராம். மேலாளர் கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒருநாள் டிப்போவுக்கு வரச் சம்மதிக்க வைத்தார்.

புள்ளியக்கா படத்தை எழுத ஆரம்பித்தாள். பஸ் வரும், நில். முன் சக்கரம் திரும்பும், நில். வால் அங்குலம் அங்குலமாக வெளியே வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நில். கடைசியில் புள்ளிகள் சாயும். அடுத்த பக்கத்தில் நிறுத்தம் பின்னால் தள்ளி இருக்கும், ஒரு புள்ளியும் சாயாது. ஒரு புள்ளியின் தலையில் குட்டியாகக் குடையும் வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால், புள்ளி சரியாகச் சாய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சாவியைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். தட்டித் தட்டி விரல் தேய்ந்து எலும்பு தெரிகிற நிலை. அப்போது கிரீஸ் கையோடு உள்ளே வந்தான் அவள் தம்பி, டிப்போ மெக்கானிக்.

“ஏக்கா, மரங்கொத்தி மாதிரி எதுக்குக் கொத்திக்கிட்டு இருக்க? அந்த ‘நில்’லயெல்லாம் கொஞ்ச நேரம் தூங்கப் போடு.”

வரியின் முன்னால் # என்று ஒரு ஹாஷ் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. வரி அங்கேயேதான் இருக்கும், ஆனால் தூங்கும். அவள் எல்லா ‘நில்’ வரிகளுக்கும் தலையில் ஹாஷ் வைத்தாள். ஒரு தட்டு தட்டினாள். புள்ளிகள் அழகாகச் சாய்ந்தன.

“பாத்தியா! தம்பியுடையாள்...” என்று அவன் மார்தட்டும்போதே மேலாளர் தலையை நீட்டினார். “அக்கா, அடுத்த மாசம் இப்பவே வந்துட்டாரு! சீக்கிரம் வாங்க!”

அவள் அலறியடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தூக்கச் சொன்னாள். தூங்கிய வரிகளை எழுப்ப ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கூட்ட அறையில் அதிகாரி காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். கையில் தேநீர். கடைசி நாற்காலியில் அவள் கணவர், பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் மூலையும் புள்ளிகளும் தெரிந்தன.

“இதுல நான் எதும்மா?” என்று அதிகாரி கிண்டலாகக் கேட்டார்.

“குடை வெச்சிருக்கறது நீங்கதான் சார்” என்றாள் அவள், வாய் சும்மா இருக்காமல். “இப்ப பஸ் வரும். மெதுவா ஒவ்வொண்ணாக் காட்டறேன்.”

சாவியைத் தட்டினாள்.

பஸ் வந்தது, வளைந்தது, வால் வீசியது, புள்ளிகள் சரிந்தன, பஸ் போயே போய்விட்டது. கண் இமைப்பதற்குள். சுவரில் வெறும் ரோடும் விழுந்து கிடந்த புள்ளிகளும்தான் மிச்சம். குடை ஒரு பக்கம் கிடந்தது.

மேலாளருக்குத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அதிகாரி நீட்டியிருந்த காலை வெடுக்கென்று உள்ளே இழுத்த வேகத்தில் தேநீர் சட்டையில் கொட்டியது. சூடுகூட அவருக்கு உறைக்கவில்லை.  ‘நில்’களைத் தூங்கப் போட்டது அந்த நொடியில்தான் புள்ளியக்காவுக்கு ஞாபகம் வந்தது. போச்சு, புருஷன் வேலையும் போச்சு என்று நினைத்தாள். 

“ஏம்மா...” அதிகாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நான் எங்க?”

“கீழ... கீழ கெடக்கறீங்க சார்.”

“எப்ப விழுந்தேன்? நான் பாக்கவே இல்லயே!”

கடைசி நாற்காலி கிறீச்சிட்டது. அவள் கணவர் எழுந்து நின்றார். குடை முறிந்த நாளுக்குப் பிறகு அவர் வெளியாட்கள் முன்னால் வாயே திறந்ததில்லை.

“அந்தக் குடைக்காரரும் இதையேதான் சார் கேட்டாரு” என்றார். “ஒடஞ்ச குடையப் பிடிச்சுக்கிட்டு, எப்பப்பா இடிச்சன்னு கேட்டாரு. எனக்கும் தெரியல சார். கண்ணாடில பாக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

அவளிடம் அவர் வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. குடை உடைந்தது தெரியும், அந்தக் கேள்வி தெரியாது. அதை இத்தனை நாளாகத் தனியாகவா சுமந்தார் என்று திகைத்துப்போய் அவரையே பார்த்தாள்.

அதிகாரி ஈரச் சட்டையோடு சுவர்ப் பக்கம் போய்ப் புள்ளிகளைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னார். பஸ் மறுபடி பறந்தது. இந்தத் தடவை எல்லாப் புள்ளியும் நின்ற இடத்தில் நின்றது, குடையும்தான்.

“நிறுத்தத்தத் தள்ளி வெச்சா நான் நிக்கறேன்?”

“நிக்கறீங்க சார்.”

“அப்ப நாளைக்கே ஆளனுப்பறேன்.”

தன் மேலேயே பஸ் ஏறிப் போயிருந்தால்கூட மேலாளர் அப்படி அதிர்ந்திருக்க மாட்டார். “சார், அடுத்த மாசம்னு சொல்ல வந்தீங்களோ?” என்று வாய்தவறிக் கேட்டேவிட்டார்.

“நாளைக்குன்னு சொன்னேன்யா!”

சொன்னபடியே மறுநாள் கம்பம் பிடுங்கிப் பின்னால் நடப்பட்டது. அவள் கணவர் பஸ்ஸை எடுத்தார். புது நிறுத்தத்திலிருந்து நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆற அமரத் திருப்பினார். நடைபாதையில் நின்றவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் புள்ளியக்கா.

வண்டி டிப்போவுக்குள் வந்ததும் அவர் கேட்டார். “ஏம்மா, அந்தப் படத்த அப்படிப் பறக்க விட உனக்கு எப்படித் தைரியம் வந்துச்சு?”

“தைரியமா? ‘நில்’ல எழுப்ப மறந்துட்டேங்க.”

“மறந்துட்டியா!” அவருக்கு மறுபடி முகம் வெளிறிவிட்டது. அப்புறம் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். “வீட்ல நீ பேசும்போதும் அந்த ‘நில்’லக் கொஞ்சம் எழுப்பி விடேன்.”

“அத எங்கம்மா தாலாட்டுப் பாடித் தூங்கப் போட்டுத்தான் என்னை அனுப்பினாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள் அவள்.