பிராசசர் மாற்றிய வருடம்

என் கணவர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். கணக்கு எழுதும் வேலைதான். ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் எல்லாம் அவர் பேச்சுக்காக வந்தவர்கள். யார் எது சொன்னாலும் அந்த நொடியே பதில் வைத்திருப்பார். பழம் பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் தொண்டையில் புற்றுநோய் வந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்த கொழுந்தனார் தன் பழைய லேப்டாப்பில் தமிழ் எழுத்து ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். டைப்ரைட்டிங் படித்த விரல்கள். இவர் படபடவென்று தட்டிவிடுவார். எழுத்துகள்தான் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். சாயங்காலம் கூடும் சிநேகிதர்கள் பக்கம் திரையைத் திருப்புவதற்குள் பேச்சு மிளகு விலைக்குப் போயிருக்கும். படித்துவிட்டு மரியாதைக்குச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

சேலத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பார்த்து மூடினார். “வேகத்துக்குப் பிராசசர்தானுங்க. இதுல அது தனி அட்டைல இருக்குதுங்க, மாத்தலாம். ஆனா செலவு நொம்ப ஆகுமுங்க. மாத்துனாலும் ரெண்டு வருசத்துல பழசாயிரும். மாத்தித்தான் ஆகோணுங்களா?”

என் கணவர் தட்டினார். வரும் எழுத்துகளைக் கடைக்காரர் குனிந்து, புன்னகையோடு படித்துக்கொண்டிருந்தார். ‘எனக்கு ரெண்டு வருசமே ஜாஸ்தி’ என்று முழுதாக வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மாத்திருங்க” என்றேன்.

அட்டை பெங்களூரிலிருந்து வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. மாற்றிக் கொண்டுவந்த அன்று ஒரு சிநேகிதர், “நேத்து கரடியூர்ல நின்னு நின்னு பாத்தேன், பஸ்ஸே வரலீங்க” என்றார். இவர் உடனே திரையைத் திருப்பினார்: ‘உங்களைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்குமுங்க.’ எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். இவர் சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு கழுத்தில் மறுபடியும் கட்டி. வலது கை வீங்கி, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தட்டிய எழுத்து அந்தக் கணமே வந்து நின்றது. அடுத்த எழுத்துக்கு விரல் போய்ச் சேரத்தான் நேரமானது. ‘தண்’ என்று வந்ததுமே, “தண்ணியாங்க?” என்று எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் ‘நீ’ என்று தட்டினார்.

“நானா? சொல்லுங்க.”

விரலைத் தூக்கினார். முடியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த வாரமே போய்விட்டார்.

கோடையில் எங்கள் மலைக்கு ஏரி பார்க்கக் குடும்பத்தோடு வந்த கடைக்காரர் வீட்டுக்கும் வந்தார். வாசலிலேயே, “ஏனுங்க, லேப்டாப் இப்ப வேகமா இருக்குதுங்களா? சார் எங்கீங்க?” என்றார்.

சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். “அதைக் கொண்டாங்க, ஒருக்கா பாத்துக் குடுத்துர்றேன்” என்றார்.

“வேண்டாமுங்க. அது நல்லாத்தான் இருக்குது.”

 அடுப்படிக்குப் போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.