ஆறு மணி ஊசியும் முனியாண்டி பூசையும்

பட்டறையில் இறைச்சி கருகும் வாடை வந்ததாக அப்பாவின் கூட்டாளி பிறகு சொன்னார். மலாயாவின் செந்தூல் ரயில் பட்டறையில் அப்பா சம்மட்டி அடிப்பவர். பழுக்கக் காய்ந்த இரும்புச் செதில் ஒன்று பூட்ஸுக்குள் விழுந்து அவர் பாதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவரோ அடுத்த அடிக்குச் சம்மட்டியை ஓங்கிக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை. கூட்டாளிதான் அவரைக் கீழே தள்ளிப் பூட்ஸைக் கத்தியால் கிழித்தார்.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது சிறுநீரைத்தான். நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சியதும் அது செங்கல் நிறமாயிற்று. நீரிழிவு (உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் சிறுநீரில் கழிக்கும் நோய்). கால் மரத்துப்போனதும் அதனால்தான். தீராது, சேர்ந்து வாழப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

அப்பா வீடு திரும்பியபோது கண்ணாடி ஊசிக்குழலும் இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் மருந்து) குப்பியும் கூட வந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குப்பியில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் ஊசி என் கைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து டிரெஸர் (டாக்டருக்குத் துணையாய் மருந்து போடுபவர்) ஒருவர் வாழைக்காயில் குத்தவைத்து என்னைப் பழக்கினார். ஊசியைக் கொதிக்க வைப்பது, அளவு பார்ப்பது, தினமும் இடம் மாற்றிக் குத்துவது, பாதங்களைத் தினம் தொட்டுப் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, இந்த வருத்தம் ஆறுதலாத்தான் கொல்லும். ஊசி கொஞ்ச நேரத்திலயே கொல்லும். போட்டீரெண்டால் அரை மணிக்குள்ள சாப்பாடு. வேர்த்து, நடுங்கி, ஆள் வெறிகாரன் மாதிரி ஆடினால் அது சீனி இறங்கினது. இனிப்புக் குடும்.”

அவர் ஊர்ப் பேச்சில் வருத்தம் என்றால் நோய், ஆறுதலாய் என்றால் மெதுவாய், வெறிகாரன் என்றால் குடிகாரன். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியவன், ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பா சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் யார் வீட்டிலாவது இந்த நோய் இருந்தால், என் தவறு இது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் முனியாண்டிக்குப் பூசை. கால் புண் ஆறினால் பூசையன்று அது முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அப்பா நேர்ந்திருந்தார். நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பூசையன்று காலை ஆறு மணிக்கு ஊசி போட்டேன். அம்மா வைத்த கஞ்சியை அப்பா எனக்குத் தெரியாமல் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினார். அம்மா பார்த்துவிட்டு, வேண்டுதல் என்று புரிந்து, வாயை மூடிக்கொண்டார்.

எட்டு மணிக்கு உறுமி முழங்கியது. கூட்டத்தின் நடுவில் அப்பா ஆடிக்கொண்டிருந்தார். பிடிக்க வந்த இரண்டு பேரை வீசி எறிந்தார். ஒருவருக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. பூசாரி அப்பாவின் வெற்று முதுகில் சாட்டையால் அடித்தார். தோல் வெடித்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரு வந்துருக்கறது? சொல்லுங்க சாமி,” என்றார் பூசாரி.

அப்பாவின் நாக்கு குழறியது. சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பூசாரி சாராயப் போத்தலை எடுத்தார். அந்த வெயிலில் நான் அப்பாவின் தோளைத் தொட்டேன். சில்லென்று நனைந்திருந்தது. வெறும் வயிற்றில் சாராயமும் இறங்கினால் சர்க்கரை இன்னும் விழும். போத்தலைத் தட்டிவிட்டேன்.

“சாமி இல்ல. ஊசி,” என்றேன்.

“நாலு எழுத்து படிச்சவரு வந்துட்டாருடோய்,” என்றார் பூசாரி. “முனியாண்டிக்கே ஊசி போடுவாரு போல.”

சிரித்தார்கள். படையலுக்கு வைத்திருந்த, வெல்லம் கரைத்த பானகக் குடத்தை நான் தூக்கியதும் சிரிப்பு நின்றது. சாமிக்குக் காட்டாத பானகம். யாரோ என் முதுகில் உதைத்தார்கள். சாட்டை இப்போது என்மேல் விழுந்தது. குடத்தோடு அப்பாவை நெருங்கினேன். இருபது வருஷம் சம்மட்டி பிடித்த கை என் வாயில் இறங்கியது. ஒரு பல் நாக்கின்மேல் கிடந்தது.

“சாப்பிடலடா! காலையில கஞ்சிய ஊத்திட்டாரு!” அம்மா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து அவரைத் தரையில் சாய்த்தோம். நான் அவர் கையைக் காலால் மிதித்துக்கொண்டேன். அம்மா தலையைத் தன் மடியில் உயர்த்தி இறுக்கிக்கொண்டார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அப்பா திமிறிக்கொண்டிருந்தார், விழுங்கவும் செய்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தேன். அவர் கடித்ததில் என் விரல் பிய்ந்தது. பானகத்தில் என் ரத்தமும் கலந்திருந்தது.

கால் மணி நேரத்தில் உடம்பு தளர்ந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

“என்னடா வாயில ரத்தம்? எவன் அடிச்சான்?”

“நீங்கதாம்பா.”

 பிறகு பத்து நாள் ஊசிக்குத் தொடையைக் காட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினோராவது நாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “இருவது வருசம் கும்பிட்டேன். ஒரு நாளும் எம்மேல வந்ததில்ல. அன்னிக்குத்தான் வந்துச்சு. அதப் பசின்னுட்டியேடா.”

  சர்க்கரை இறங்கியது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் அதற்குள் எதைக் கண்டார் என்று நான் கேட்டதில்லை.

உயிர் காப்பது என்றால் கை மென்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் முதுகிலும் என் முதுகிலும் ஒரே சாட்டையின் தழும்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் பொழுதை இப்போது பட்டறைச் சங்கு பிரிப்பதில்லை, காலையும் மாலையும் போடும் இரண்டு ஊசிகள் பிரிக்கின்றன. ஊசித் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டதும் என் நாக்கு தானாகப் பல் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறது.

காலை ஆறு மணிக்கு அம்மா தட்டை வைக்கிறார். அப்பா முதலில் வலது கையைச் சோற்றில் வைத்து, நான் பார்க்கும்படி ஒரு பிடி பிசைகிறார். பிறகுதான் ஊசிக்கு இடது கையை என்னிடம் நீட்டுகிறார்.