எதிரெதிரே இரண்டு டீக்கடைகள்

1984இல் பழவேற்காட்டில் பத்து நாள் சுயதொழில் வகுப்பு நடந்தது. நானும் படித்தேன். ஒன்பது நாளும் லோகநாயகி ஜன்னல் வழியே ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த வெளிச்சத்துக்குள் அவள் தன் டீக்கடையைக் கட்டிவிட்டிருந்தாள்: படகுத்துறை ஓரம், கீற்றுக் கூரை, நீலப் பலகை, ஆவி பறக்கும் பாய்லர். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

கடைசி நாள் வெளியூர் வாத்தியார் கேட்டார்: "உன் கடைக்கு எதிர்லயே ஒருத்தர் டீக்கடை போட்டா என்ன செய்வே?" சரியாகச் சொன்னால்தான் பாங்குக்குச் சிபாரிசுக் கடிதம்.

"இன்னா சார் பண்றது? ஒரு நாளு அவங்க, ஒரு நாளு நானு. பாடு மாதிரி."

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட ஆட்கள் முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வாத்தியார் தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் தெரிந்தே சிரித்தோம். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துக் குப்பத்துப் பவுனம்மாள் எழுந்தாள். "வெலைய கொறைப்பேன் சார். அவங்களே மூடிட்டுப் போய்டுவாங்க." கைதட்டினோம். கடிதம் அவளுக்கு. எனக்கும் ஒன்று கிடைத்தது. இதுவரை ஒரு குண்டூசிகூட நான் விற்றதில்லை.

லோகநாயகி மூக்குத்தியை விற்றுக் கடை போட்டாள். நீலப் பலகை மட்டும் இல்லை. இரண்டே மாதத்தில் பவுனம்மாள் நேர் எதிரே கடை திறந்து, விலையைக் குறைத்தாள். அன்று ஒரு ஆள்கூட இந்தப் பக்கம் வரவில்லை. லோகநாயகி காலிப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூக்குத்தியோடு கடையும் போய்விடுமா?

மறுநாள் கரையேறியவர்கள் மொத்தமாக இவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் எல்லோரும் அங்கே. அதற்கடுத்த நாள் இங்கே. இவளுக்கே பொறுக்கவில்லை.

"இன்னாண்ணா, அங்க வெல கம்மியாச்சே?"

"நேத்து அது பாடு, இன்னிக்கு ஒன் பாடு. டீயப் போடும்மா," என்றார் வலைக்காரர் தருமன், தூக்கக் கலக்கத்தில்.

பவுனம்மாள் இன்னும் குறைத்துப் பார்த்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் திரிந்த பாலை மண்ணில் கொட்டினாள். ஒரு மாதம் கழித்து, பூநாரைகள் தாழப் பறந்த ஒரு சாயங்காலம், இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நாளைக்கு என் பாடுதானே?"

"ஆமா. நாளைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல."

மறுநாள் லோகநாயகி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். விலை பழையபடி ஆகியிருந்தது. பக்கத்தில் நான். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை.