எல்லோரும் வரலாம் என்ற சபையில் மாமனாருக்கு இடமில்லை

சிறுசேரியில் கணவருக்கு வேலை கிடைத்து, ஊரப்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கத்துக்குக் குடிவந்தோம். வீட்டருகே ஒரு கிறிஸ்தவ சபை இருந்தது. ‘எந்தப் பிரிவையும் சாராதது, எல்லோரும் வரலாம்’ என்று பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் எதுவும் விசாரிக்காமல், பழைய சபையில் பெயரை நீக்கிவிட்டு அங்கே சேர்ந்தோம். மாமனாரும் இரண்டு வருடம் தவறாமல் வந்தார்.

சென்ற மாதம் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனைக்காகப் போதகரைப் போனில் அழைத்தேன்.

“அவரு முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கலியேம்மா. கொயந்தைல தண்ணி தெளிச்சத நாங்க ஏத்துக்கறதில்ல. அடக்கம் பண்ண முடியாது. நமக்குக் கல்லறை இடமும் கெடையாது.”

“ரெண்டு வருசமா வந்துகினு இருந்தாரே, ஒரு வாட்டியாவது சொன்னீங்களா?”

“நீங்க கேக்கலியே” என்றார்.

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கணவர் ஊரப்பாக்கத்துக்கு ஓடினார். பழைய சபையின் ஆயர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். மாமனார் எங்களிடம் சொல்லாமலே தன் பெயரை மட்டும் நீக்காமல் விட்டிருந்தார். அதனால்தான் அன்று மாலை அவருக்குக் கல்லறையில் இடம் கிடைத்தது.

எல்லோரையும் வரச் சொல்கிறவர்கள், யாரை அடக்கம் செய்ய மாட்டோம் என்பதையும் பலகையில் எழுத வேண்டாமா? கேட்காமல் சேர்ந்த என் மீதும் எனக்குக் கோபம்தான்.

இப்போது எந்தச் சபைக்குப் போனாலும் வாசலிலேயே கேட்டுவிடுகிறேன். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பீர்களா, திருவிருந்தின் அப்பமும் ரசமும் யாருக்குத் தருவீர்கள், எங்கே அடக்கம் செய்வீர்கள்?

போன ஞாயிறு ஒரு போதகர் சிரித்தார். “இன்னாம்மா, வந்ததும் வராததுமா சாவப் பத்திக் கேக்குறீங்க?”

“பதில் சொன்னாதான் உள்ள வருவேன் பாஸ்டர்” என்றேன்.