என்டருக்கு வைத்த சந்தனம்

திருவிடைமருதூர்ப் பக்கம் அக்கா வேலை பார்க்கும் அரிசி ஆலையில், நெல் உலர்த்தும் மெஷினை ஆபத்து நேரத்தில் நிறுத்தக் கம்ப்யூட்டரில் ஒரு வழி கேட்டார்கள். மெயின் சுவிட்ச் கொட்டகையின் அந்தக் கோடியில் இருக்கிறது. மெஷினுக்குப் பக்கத்திலேயே பழைய கம்ப்யூட்டர், அதை இயக்கும் மென்பொருள் லினக்ஸ், கறுப்புத் திரையில் நான் எழுதிய நிரல். எஸ் என்ற எழுத்தைத் தட்டினால் மோட்டார் நிற்க வேண்டும்.

தட்டினேன், நிற்கவில்லை. இருபது முறை தட்டிப் பார்த்துவிட்டு எரிச்சலில் என்டரை அடித்தேன், நின்றது. தட்டுகிற எழுத்தையெல்லாம் லினக்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டு, என்டர் விழுந்த பிறகுதான் நிரலுக்குக் கொடுக்குமாம். யார் கேட்டார்கள் இந்த உபசாரத்தை? ஒரு பிற்பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு அதை மாற்றினேன். எழுத்து உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் நிரலை மூடிய பிறகு நான் தட்டுவது எதுவும் திரையில் தெரியவில்லை. வெறுத்துப்போய்ப் பழையபடியே விட்டுவிட்டேன்.

"எஸ் தட்டிட்டு என்டர் தட்டுக்கா. ஒரு தட்டு கூட, அவ்வளவுதான்" என்றேன்.

"அவசரத்துல ரெண்டு தட்ட முடியுமாடா?"

"பழகிடும்."

குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து, ஆலை முழுக்க ஈர நெல். நடுவில் ஆயுத பூஜை. தராசு முதல் மண்வெட்டி வரை பொட்டு வைத்தவர்கள், கீபோர்டில் எது முக்கியம் என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்டரைக் காட்டினாள். குழைத்த சந்தனத்தை அதன் மேல் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தார்கள்.

மறுநாள் அக்கா மெயின் சுவிட்சைப் போட்டு மெஷினை ஓட்டினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் இடது கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. வலது கையால் எட்டி எஸ் தட்டினாள். என்டர் இறங்கவில்லை, இடுக்கில் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. திரையில் எஸ் மட்டும் நின்றது, மோட்டார் ஓடியது. சட்டை நைந்த துணி, தோள் தையலோடு கிழிந்துபோனது. அதனால்தான் முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பித்தாள்.

அன்றே உட்கார்ந்தேன். நிரல் தொடங்கும்போது திரையின் பழைய அமைப்பைக் குறித்துவைத்து, மூடும்போது திருப்பிக் கொடுத்தால் போதுமாம். இந்த ஒன்றுக்குத்தான் அன்றைக்குச் சலித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். என்னையே நான்கு அறை விடலாம் போலிருந்தது.

கட்டுப் போட்ட கையோடு வந்து அக்கா எஸ் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் மோட்டார் நின்றது.

"எவ்வளவு நேரம் ஆச்சு இதுக்கு?"

"அரை மணி நேரம்."

"அந்த அரை மணி நேரம் அன்னிக்கி இல்லாமப் போச்சா ஒனக்கு?" என்றாள்.